விகிதக் கணக்கும் வியர்வைக் கணக்கும்

"எட்டுத் துண்டு நெய்பவருக்குக் கூலி 400 ரூபாய். பதினாறு துண்டு நெய்தால் கூலி எவ்வளவு?"

வகுப்பறையிலே நாம் கேட்ட கேள்வி இது. நேர் விகிதம் கற்பிக்கும் வேளை. "800 ரூபாய்!" என்று குரல்கள் ஒருமித்து எழுந்தன. கடைசி வரிசையிலே ஒரு மாணவன் மட்டும் வாய் திறக்கவில்லை. விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகன் அவன்.

"புரியவில்லையா?" என்று கேட்டோம்.

"புரிகிறது ஐயா. எங்கள் அப்பா முன்பு இரண்டு தறி ஓட்டினார். இப்போது நான்கு தறி ஓட்டுகிறார். துணி இரண்டு மடங்கு வருகிறது. கூலி மட்டும் இரண்டு மடங்கு வரவில்லையே! கணக்குத் தப்பா, கூலி தப்பா?"

வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை, சிரிக்க முடியவில்லை. கல்லூரியிலே பொருளாதாரம் பயின்று பட்டம் பெற்றவர்தாம் நாம். எனினும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் எழுப்பிய வினாவுக்கு உடனே விடை கூற நமக்கு நா எழவில்லை. மணி அடித்தது, வகுப்பு கலைந்தது, வினா மட்டும் நம்முடன் வீடு வரை வந்தது. அந்த வினாவுக்குக் கடன்பட்டு எழுதுவதே இக்கட்டுரை.

நாடாள்வோரும் நிதி அறிஞர்களும் தொழில் அதிபர்களும் ஓயாது உரைக்கும் ஒரு கோட்பாடு உண்டு. "ஊதியம் உயரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னார்? ஆனால் உற்பத்தித் திறன் உயர்ந்த அளவுக்கு மட்டுமே ஊதியம் உயரவேண்டும்!" என்பதே அது. கேட்பதற்கு நீதியாகத்தான் இருக்கிறது. ஆனால், கேட்பதற்கு இனிமையாக இருப்பதை எல்லாம் ஒப்புக்கொள்வது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. முதலாளி சொன்னதாலேயே ஒன்றைத் தள்ளுவதும் அதைப் போன்றதே. எவர் சொன்னார் என்பதை விடுத்து, என்ன சொன்னார் என்பதை எடைபோடுவோம்.

முதலில் அக்கோட்பாட்டில் அடங்கியுள்ள உண்மையை ஒப்புக்கொள்வோம். ஒரு தொழிற்சாலையை எண்ணிப் பாருங்கள். நூறு பேர் உழைக்கிறார்கள். நாள்தோறும் 1000 வேட்டி. வேட்டி ஒன்றுக்கு 200 ரூபாய் வீதம் வரவு 2,00,000 ரூபாய். ஆளுக்கு 800 ரூபாய் வீதம் கூலி 80,000 ரூபாய். மீதி 1,20,000 ரூபாயில் நூல், மின்சாரம், தேய்மானம், வட்டி, இலாபம் யாவும் அடக்கம். வேட்டி ஒன்றில் உறங்கும் கூலி 80 ரூபாய்.

வேட்டி ஒன்றுகூடக் கூடாமல் கூலி மட்டும் 30 விழுக்காடு கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேட்டிக்குக் கூலி 104 ரூபாய் ஆகும். முதலாளி இலாபத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அவ்வளவு பெருந்தன்மையை அன்றாடம் காண்பதற்கில்லை. வேட்டி விலையை ஏற்றுவார். எல்லாத் தொழிலிலும் இதுவே நிகழ்ந்தால், கூடுதலாகப் பெற்ற கூலியைக் கொண்டு தொழிலாளி பழைய அளவுப் பொருளையே வாங்குவார். நோட்டு பெருகும், சோறு பெருகாது. ஊதியம் என்பது காகிதம் அன்று. காகிதத்தின் பின்னே நிற்கும் நெல்லும் துணியும் வீடும் மருந்தும்தாம் ஊதியம். விளையாததைப் பங்கிட எவராலும் ஆகாது. இதை மறுப்பவர் மந்திரத்தால் மாங்காய் வருவிப்பவரைப் போன்றவர். மந்திரத்தை மறுத்த நாம் பொருளாதாரத்தில் மட்டும் மந்திரத்தை நம்பலாமா?

ஆனால் தோழர்களே, தராசுக்குத் தட்டு இரண்டு!

அதே தொழிற்சாலையில், அதே நூறு பேர், நல்ல தறி கொண்டு 1100 வேட்டி நெய்கிறார்கள். விலையில் மாற்றமில்லை. வரவு 2,20,000. கூலியும் அதே 10 விழுக்காடு உயர்ந்து 88,000 ஆகட்டும். வேட்டி ஒன்றுக்குக் கூலி எவ்வளவு? அதே 80 ரூபாய்! விலை ஏற ஒரு காரணமும் இல்லை. மீதித் தொகையும் 1,20,000இலிருந்து 1,32,000 ஆக அதே 10 விழுக்காடு உயர்கிறது. எவர் பங்கும் குறையவில்லை. இதுவே அக்கோட்பாட்டின் நேர்மையான வடிவம்.

இப்போது கூலியை 80,000இலேயே நிறுத்திப் பாருங்கள். மீதி 1,40,000 ஆகிறது. உற்பத்தி 10 விழுக்காடு உயர, மறுபக்கத்தின் பங்கு ஏறத்தாழ 17 விழுக்காடு உயர்ந்துவிட்டது. தொழிலாளியிடமிருந்து எவரும் எதையும் பறிக்கவில்லை; பையிலே கை விடவில்லை; சட்டம் எதையும் மீறவில்லை. எனினும் வரவில் நூற்றுக்கு 40 என்றிருந்த அவர் பங்கு 36 ஆகச் சுருங்கிவிட்டது. ஓசையின்றி நடந்தேறும் இழப்பு இது. ஊதியம் உற்பத்தியை முந்தினால் ஊரே கூடிக் கூச்சலிடுகிறது. உற்பத்தி ஊதியத்தை முந்தினால் "வளர்ச்சி" என்று வாழ்த்துப்பா பாடப்படுகிறது. ஒரே கோட்பாட்டுக்கு இரண்டு நாக்குகளா?

வரலாறு இதைப்பற்றி என்ன கூறுகிறது என்று பார்ப்போம்.

அமெரிக்க நாட்டிலே ஹென்றி ஃபோர்டு 1913இல் நகரும் பணித்தொடரைத் தம் தொழிற்சாலையில் அமைத்தார். ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட 12 மணி நேரத்துக்கு மேல் ஆகிவந்தது, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமாகக் குறைந்தது. ஆனால் இயந்திரமாகிப்போன வேலையில் ஆட்கள் நிலைக்கவில்லை. வந்தவர் வந்தவண்ணம் விலகினர். 1914 சனவரியில் நாட்கூலி 5 டாலர் என அறிவித்தார். முன்னைய கூலியைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. வேலை நேரமும் 8 மணியாகக் குறைந்தது. வள்ளன்மையோ? அன்று. ஆட்கள் நிலைத்தார்கள், ஆலை செழித்தது. அந்த 5 டாலர் பெறத் தொழிலாளி குடிக்கிறாரா, வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கிறாரா என்று வீடு வீடாகச் சென்று வேவு பார்க்கவும் ஒரு துறையை அமைத்தார் அவர். கூலியைக் கொடுத்தார், கூடவே கட்டளையையும் கொடுத்தார்! ஆண்டை மனம் கொடையாளி வேடம் பூண்டாலும் ஆண்டை மனந்தான்.

பின்னர் வந்தது கொடையன்று, உடன்படிக்கை. ஜெனரல் மோட்டார்சு நிறுவனமும் ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கமும் 1948இல் செய்த ஒப்பந்தத்தில் இரண்டு விதிகள் இடம்பெற்றன. விலைவாசி ஏறினால் கூலி ஏறும் என்பது ஒன்று. உற்பத்தித் திறன் வளர்வதை ஒட்டி ஆண்டுதோறும் கூலி ஏறும் என்பது மற்றொன்று. 1950இல் இதுவே ஐந்தாண்டு ஒப்பந்தமாக விரிந்தது. 1962இல் கென்னடி அரசின் பொருளாதார ஆலோசகர் குழு, நாடு முழுவதற்குமான வழிகாட்டி நெறியாகவே இதை எடுத்துரைத்தது. உற்பத்தித் திறனும் சாதாரணத் தொழிலாளியின் ஊதியமும் 1940களின் இறுதி தொட்டு 1970கள் வரை ஏறத்தாழ இணைந்தே, இருமடங்கு அளவுக்கு வளர்ந்தன.

அதன் பின்? பொருளாதாரக் கொள்கை நிறுவனம் என்னும் அமெரிக்க ஆய்வு அமைப்பின் கணக்குப்படி, 1979 முதல் 2020 வரை உற்பத்தித் திறன் 61.8 விழுக்காடு உயர்ந்தது; சாதாரணத் தொழிலாளியின் மணிநேர ஊதியம் 17.5 விழுக்காடே உயர்ந்தது. இக்கணக்கை மறுப்போரும் உளர். வேறு விலைக் குறியீட்டைக் கொண்டு, எல்லார் ஊதியத்தின் சராசரியையும் எடுத்தால் இடைவெளி குறையும் என்பர். குறையும்தான். ஆனால் அந்தச் சராசரிக்குள் கோடிகளில் சம்பளம் பெறும் நிருவாகத் தலைவரும் குந்தியிருக்கிறார் அல்லவா? ஆனையையும் ஆட்டையும் சேர்த்து நிறுத்துச் சராசரி எடுத்து, "ஆடு கொழுத்துவிட்டது" என்று சொல்வது அறிவுடைமை ஆகுமா?

ஏன் இந்தப் பிளவு? வானத்திலிருந்து விழுந்த விதியோ? தலையெழுத்தோ? இல்லை. 1950களின் நடுவிலே அந்நாட்டு உழைப்பாளரில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். 2024இல் பத்தில் ஒருவர்கூட இல்லை. கூட்டரசு விதித்த குறைந்த அளவு ஊதியம் 2009 சூலையில் 7.25 டாலர் ஆயிற்று. 2025 முடிந்தும் அது ஒரு காசு ஏறவில்லை. கோட்பாடு ஏட்டில் இருந்தது. அதைச் செயல்படுத்தும் கை தளர்ந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, உலக வருமானத்தில் உழைப்பின் பங்கு 2004ஐவிட 1.6 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்து 52.4 விழுக்காடாக நின்றது. இந்திய அரசின் 2024–25 பொருளாதார ஆய்வறிக்கையே, 2023–24இல் பெருநிறுவன இலாபம் 22.3 விழுக்காடு உயர, வேலைவாய்ப்பு 1.5 விழுக்காடே உயர்ந்ததைச் சுட்டிக் கவலை தெரிவித்தது. உழைப்பாளர் கட்சியின் மேடைப் பேச்சன்று இது. அரசே அச்சிட்ட ஏடு!

அமெரிக்கா வரை போவானேன்? காவிரிக் கரைக்கு வாருங்கள். 1960ஐ ஒட்டித் தஞ்சையிலே தீவிர வேளாண்மைத் திட்டம் வந்தது. புதிய விதை, உரம், ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல். விளைச்சல் உயர்ந்தது. விளைவித்தவர் கேட்டார்: "களத்திலே நெல் கூடியிருக்கிறதே, எங்கள் கூலியிலும் கொஞ்சம் நெல் கூடவேண்டாமா?" பொருளாதார மேதைகள் பேசும் அதே கோட்பாடுதான்! உற்பத்தி உயர்ந்தது, ஊதியம் உயரட்டும் என்பதுதான்! அதற்குக் கிடைத்த விடை என்ன? 1968 திசம்பர் 25, கீழவெண்மணி. குடிசை ஒன்றில் அடைக்கலம் புகுந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், தீக்கிரையாக்கப்பட்டனர். ஒடுக்கப்பட்ட மக்கள் அவர்கள். உற்பத்திக்கேற்ற கூலி கேட்டதே குற்றமாயிற்று. கேட்டவர் 'தீண்டத்தகாதவர்' என்பது குற்றத்தை இரட்டித்தது. குற்றஞ்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்கள் உயர் நீதிமன்றத்தில் விடுதலை பெற்றனர். அந்நெருப்புக்குப் பின்னரே, 1969இல், வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

ஏட்டுக் கோட்பாட்டில் இல்லாத ஒன்றை வெண்மணி நமக்குக் கற்பிக்கிறது. உற்பத்தி உயர்ந்தால் கூலி தானே உயரும் என்பது நீர் தானே மேட்டுக்கு ஏறும் என்பதைப் போன்றது. ஏற்றம் இறைக்கவேண்டும். கேட்கும் உரிமை, கூடும் உரிமை, மறுக்கும் உரிமை, இவை மூன்றும் இல்லாத இடத்தில் கூலியைத் தீர்மானிப்பது உற்பத்தியன்று, பிறப்பு!

இனிக் கேள்வியின் ஆணிவேருக்கு வருவோம். பெருகிய விளைவு நியாயப்படி யாருக்குச் சொந்தம்?

"தறி என்னுடையது, பெருகியது என் தறியால்" என்பார் முதலாளி. "கை என்னுடையது, கையின்றித் தறி இரும்பு" என்பார் தொழிலாளி. இருவர் கூற்றிலும் பாதி உண்மை உண்டு. அந்தத் தறியை ஆக்கிய அறிவு எவருடையது? தலைமுறை தலைமுறையாகச் சிந்தித்த கம்மியரும் அறிவியலாரும் விட்டுச்சென்ற பொதுச்சொத்து அது. சரக்குச் செல்லும் சாலை ஊரார் வரிப்பணம். தொழிலாளிக்கு எழுத்தறிவித்தது அரசுப் பள்ளி. ஆகவே உற்பத்திப் பெருக்கம் சமுதாயக் கூட்டுப் பயிர். கூட்டுப் பயிரை ஒருவரே அறுத்துக்கொண்டு போவது அறமன்று. தறி வாங்கிய கடனுக்கும் தேய்மானத்துக்கும் ஒரு பங்கு போகட்டும், அது நியாயம். அந்த மாணவனின் தந்தைக்குச் சரியாக இரு மடங்கே வரவேண்டும் என்று நாம் வாதாடவில்லை. நான்கு தறிக்கும் ஓடி ஓடி அவர் கால்கள் கண்ட வலிக்கும், கூடிய துணிக்கும் உரிய பங்கு வந்ததா என்பதே கேள்வி. இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். நல்ல கருவியால் பெருகுவது உற்பத்தித் திறன். மூச்சு வாங்க ஓடவைத்துப் பெருக்குவது உறிஞ்சும் திறன். இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டுவது மோசடி.

திறனை அளக்கும் கோலையும் ஆராய வேண்டும். இலங்கை மலையகத்திலே நம் மக்களின் வழித்தோன்றல்கள் கொழுந்து பறிக்கிறார்கள். குறித்த நிறை கொழுந்து இல்லையேல் 'அரைப்பேர்', அதாவது அரைநாட் சம்பளம். 1000 ரூபாய் நாட்சம்பளம் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராடி, 2021இல்தான் அது அரசிதழில் ஏறியது. "உற்பத்தித் திறனோடு சம்பளத்தை இணையுங்கள்" என்பதே தோட்ட நிறுவனங்களின் வாதம். செடி கிழடானால் கொழுந்து குறையும். கிழட்டுச் செடியைப் பிடுங்கிப் புதுச்செடி நடும் முடிவு யாருடையது? கூடை சுமக்கும் பெண்ணுடையதா? முதல் போடாதவர் ஒருவர். திறன் குறைந்ததற்குத் தண்டனை பெறுபவர் மற்றொருவர்!

இன்னும் ஒரு சிக்கல். இது நம்மையே தொடுவது. பாமோல், பவன் என்னும் பொருளாதார அறிஞர் இருவர் 1966இல் வெளியிட்ட நூலில் ஒன்றைக் கண்டு கூறினர். இருநூறு ஆண்டுக்கு முன் நால்வர் கூடி வாசித்த இசைக்கு இன்றும் நால்வரே வேண்டும். ஆலையில் திறன் பன்மடங்கு பெருகியும், அரங்கில் பெருகவில்லை. ஆசிரியர் நிலையும் அதுவே. நாற்பது பேருக்கு நேர் விகிதம் கற்பிக்க நம் ஆசிரியருக்கு ஆன நேரமே நமக்கும் ஆகிறது. எங்கள் 'உற்பத்தித் திறன்' உயரவில்லை! ஆகையால் ஊதியமும் உயரக்கூடாது என்றால், நாளை கற்பிக்க வருவார் யார்? நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும் செவிலிக்கு, முடி திருத்தும் தோழருக்கு, தெருக்கூட்டும் தாய்க்கு எந்தக் கோல் கொண்டு அளப்பது? சாக்கடை அடைபடாததால் வராமற்போன காலராவை எந்தப் பேரேட்டில் எழுதுகிறார்கள்? ஆளுக்கு ஆள் திறன் அளந்து கூலி தரும் கணக்கு இங்கே உடைந்து விழுகிறது. அளவுகோல் தனி ஆளின் திறனாக இருக்கலாகாது. நாட்டின் பொதுத் திறன் வளர்ச்சியாக இருக்கவேண்டும். ஆலை வளர்ந்தால் அதன் பயன் பள்ளிக்கும் பாயவேண்டும்; பள்ளியின்றி ஆலை ஏது?

எதிர்வாதத்தையும் மறைக்காமல் வைப்போம். "கூலியைத் தாறுமாறாக ஏற்றினால் தொழில் படுத்துவிடும்" என்பர். சிங்கப்பூர் அதற்குச் சான்று கூறும். அரசு, முதலாளி, சங்கம் மூவரும் அமரும் தேசிய ஊதிய மன்றத்தை அந்நாடு 1972இல் அமைத்தது. உயர்நுட்பத் தொழிலுக்கு மாறும் பொருட்டு, 1979 தொட்டுச் சில ஆண்டு ஊதியத்தை வேகமாக ஏற்றினர். 1985இல் பொருளாதாரம் சுருங்கியது. உலகச் சந்தை மந்தமும் காரணம், ஏறிய செலவும் காரணம். 1986இல் சேமநிதிக்கு முதலாளிகள் செலுத்தும் பங்கு 25இலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஊதியம் திறனை வெகுதூரம் முந்தினால் அடி விழும் என்பது உண்மையே. ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. ஆனால் அங்கே கணக்கை மூவரும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தனர். "திறனுக்கேற்ற ஊதியம்" என்று முழங்கும் நம் முதலாளிமாரில் எத்தனை பேர் கணக்கேட்டைத் தொழிலாளி முன் விரித்து வைக்க முன்வருவர்?

ஆகவே நம் முடிவு இது. முதலாவது, அடித்தளம் தேவையாக இருக்கட்டும். 1957இல் கூடிய 15ஆம் இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஒருவருக்கு 2700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கசம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் என்று குறைந்த அளவு ஊதியத்துக்கு வரையறை வகுத்தது. அந்த அடித்தளத்துக்குக் கீழே திறன் பேச்சுக்கே இடமில்லை. பசிக்குத் திறன் சான்றிதழ் கேட்பது கொடுமை. இரண்டாவது, அடித்தளத்துக்கு மேலே, விலைவாசி ஏற்றத்தோடு நாட்டின் திறன் வளர்ச்சியும் சேர்ந்த அளவுக்கு ஊதியம் ஆண்டுதோறும் ஏறட்டும். மேலும் வேண்டா, கீழும் வேண்டா. மூன்றாவது, கணக்கேடு இரு தரப்புக்கும் திறந்திருக்கட்டும். நான்காவது, திறன் குறைந்த இடத்தில் தொழிலாளியைத் தூற்றாமல் கருவியும் கல்வியும் கொடுக்கட்டும். இவை நான்கையும் காக்கக் கட்டுக்குலையாத சங்கம் வேண்டும். சாதியின் பெயரால் பிளவுபட்ட கைகளால் சங்கம் அமையாது என்பதை இளைஞர்கள் மறவாதிருக்க வேண்டும்.

மறுநாள் வகுப்புக்குச் சென்றோம். அந்த மாணவன் அதே கடைசி வரிசையில் இருந்தான். "கணக்குத் தப்பில்லை தம்பி. பாடப் புத்தகம் ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டது. துண்டு பெருகினால் கூலி பெருகும் என்பது கணக்கு, அதைப் பெருகச் செய்வது மனிதர் வேலை" என்றோம்.

சற்றே சிந்தித்தான். "அப்படியானால் அது தானாக வராதா ஐயா?" என்றான்.

"வராது" என்றோம். அன்று அவன் கற்றது நேர் விகிதத்தைவிடப் பெரிய பாடம். நாமும் அன்றுதான் அதைக் கற்றோம்.